கோபாலுவின் செருப்பு

1

எனக்கு எழுதப் படிக்க வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோகக் கூடாது. நான் இங்கே கொரியாவில் துணி மடித்துக்கொண்டே போனில் பேசி அனுப்புகிறேன். அங்கே மண்ணூரில் என் தம்பி மகள் செல்வி, ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று போட்டுவிடுகிறாளாம்.

"பத்திரிகைல வர்றது அத்த. கொஞ்சம் நல்லா இருக்க வேணாவா? நீ சும்மா பேசு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்கிறாள்.

சரி, என் பேச்சுக்கு அவள் பவுடர் பூசி அனுப்பட்டும். நடுவில் அவரவர் வாயால் பேசினதை மட்டும் பேசின மாதிரியே விடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் என் வீட்டுக்காரர் திதி. சோறு வடித்து, பருப்பு போட்டு, பால்கனியில் இலைக்குப் பதில் காகிதத் தட்டில் வைத்தேன். பதினோராவது மாடி. காக்காய் வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக நீள வால் வைத்த ஒரு பறவை வந்து தின்றது. இந்த ஊரில் அதுதான் அதிகம். எங்கள் வகையறாவில் யாரும் அந்த நிறத்தில் வந்ததில்லை. ஆனால் அவர் எப்போதும் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் போட்ட வேன் டிரைவர்தானே, அவராகத்தான் இருக்கும் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது திதியைப் பற்றி இல்லை. ஒரு புத்தகத்தைப் பற்றி. ஒரு கதையின் மூன்றாம் பாகம். அது எப்போது வரும், எப்போது வரும் என்று நானும் என் பேத்தி பவித்ராவும் வருஷக்கணக்கில் காத்திருந்தோம். அவள் புத்தகத்துக்காகக் காத்திருந்தாள். நான் அவளுக்காகக் காத்திருந்தேன்.

2

நாங்கள் இங்கே வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வீட்டுக்காரர் மண்ணூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் ஓட்டினார். ஒருநாள் வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை வைத்தவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. அதுவரைக்கும் மகராசன்.

எங்கள் பக்கத்தில் ஆள் போனால் கருமாதி அன்று கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். கர்ணன் கதையைக் கேட்டால் போனவருக்கு வழி திறக்கும் என்பார்கள். விடிகிற நேரத்துக்குக் கர்ணன் விழுவான். பொம்பளைகள் எல்லாம் அழுவோம், ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே. எங்கள் தெருவில் இன்னொரு பழக்கம். மற்ற ஊரில் உண்டா தெரியாது. கதையில் விழுந்தாலும் சாவு சாவுதான் என்று, வாசலில் கட்டின துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவோம்.

அன்றைக்கு என் மகன் சேகருடைய கம்பெனியிலிருந்து கொரியாக்கார மேனேஜர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். குன்றத்தூர் பக்கம் தங்கியிருந்தவர். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கொஞ்ச நேரத்தில் போய்விடுவார் என்று பார்த்தால் கூத்து முடிகிறவரை அசையவில்லை. கர்ணன் விழுந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சேகர் என் காதில் வந்து சொன்னான்: "ம்மா, யாரு செத்துட்டாங்கன்னு கேக்கறாரு."

"கர்ணன்னு சொல்லு."

"எப்ப செத்தாருன்னு கேக்கறாரு."

"இப்பத்தான்னு சொல்லு."

அவர் எழுந்து காரில் ஏறப் போனார். எதிர்வீட்டு முனியம்மா விடவில்லை. "யோவ் சாரு, சாவ பாத்துட்டு அப்டியே வண்டில ஏறுவியா? தலைக்கு ஊத்திக்கினு போ" என்று ஒரு குடத்தைத் தூக்கி அவர் மேல் சாய்த்துவிட்டாள். கழுத்துப்பட்டை, ஷூ எல்லாம் நனைந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குனிந்து எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் சேகரைக் கொரியாவுக்கு அழைத்துக்கொண்டவர் அவர்தான். தண்ணீர் ஊற்றினதாலா என்று கேட்காதீர்கள், சேகர் நல்ல வேலைக்காரன்.

சேகர், மருமகள் கலா, ஐந்து வயதுப் பவித்ரா, நான். அப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

3

பவிக்குப் பத்து வயது நடக்கும்போது முதல் பாகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் அதுதானாம். நான் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் பூண்டுக்கு முடிவே கிடையாது. அவள் என் தொடைமேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டு கொரியன் எழுத்தைப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். கண் கொரியாவில் இருக்கும், வாய் மண்ணூரில் இருக்கும்.

ஒரு மலையடிவாரத்து ஊர். அண்ணன், தங்கை. கண் தெரியாத அம்மா. மலைக்குள் ஒரு சுனை உண்டு, அந்தத் தண்ணீரைக் கண்ணில் விட்டால் பார்வை வரும். ஆனால் மலையின் கதவு வருஷத்தில் ஒருநாள்தான் திறக்கும். போனவர்களில் வந்தவர்கள் கம்மி.

அந்தப் பேர்கள் என் வாயில் நிற்கவில்லை. அதனால் நானே பேர் வைத்தேன். அண்ணன் கோபாலு. தங்கை சின்னப்பொண்ணு. பவிக்குக் கொஞ்ச நாளில் அதுவே பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட ஒருமுறை கோபாலு என்று சொல்லிவிட்டு வந்து என்னை அடித்தாள்.

முதல் பாகத்தில் கோபாலோட அப்பன் செத்துப்போனான். பவி அதைப் படித்து முடித்ததும் நான் எழுந்து போய்க் கட்டின புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட வந்த என்னைப் பார்த்துக் கலா பதறிவிட்டாள்.

"அத்த, இன்னாச்சு? ஊர்ல யாராவது போய்ட்டாங்களா?"

"கோபாலோட அப்பன் போய்ட்டாண்டி."

"எந்தக் கோபாலு?"

பவி விக்கல் வரும்வரை சிரித்தாள். "ஆயா, அது புக்கு ஆயா."

"புக்குன்னா இன்னா? செத்தவன் செத்தவன்தான். நீயும் வந்து ஊத்திக்கோ."

"போ ஆயா, குளுருது" என்று போர்வைக்குள் ஒளிந்துகொண்டாள்.

இரண்டாம் பாகம் முடிகிற இடத்தில் மலைக்கதவு திறந்தது. கோபாலு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. சின்னப்பொண்ணு அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவ்வளவுதான் புத்தகம். பவி அழுதுவிட்டாள்.

நான் சொன்னேன்: "ஏண்டி அழற? செருப்ப வெளிய வுட்டுட்டுப் போனவன் எங்க போய்டுவான்? கோயிலுக்குப் போறவன் அப்டித்தான வுட்டுட்டுப் போறான், வந்து மாட்டிக்கிறான் இல்ல?"

"நெஜமா வருவானா ஆயா?"

"செருப்பு இல்லாம எங்கடி போவான்?"

4

மூன்றாம் பாகம் வரவில்லை. எழுதுகிற அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். பிறகு எழுதிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். நான் மாதத்துக்கு ஒருதரமாவது கேட்பேன்: "வந்துச்சா?" முதல் வருஷம் பவி, "இல்ல ஆயா, நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்பாள். அடுத்த வருஷம் "இல்ல ஆயா". பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

பிள்ளையின் வாயிலிருந்து தமிழ் எப்படிப் போகும் தெரியுமா? ஒரேயடியாகப் போகாது. முதலில் சாமான்களின் பேர் போனது. முறம் போனது, உறி போனது. போகட்டும், இங்கே அதெல்லாம் எதற்கு. பிறகு கோபத்தில் திட்டுகிற சொற்கள் போயின. அவள் கொரியனில் திட்டினால் எனக்குச் சிரிப்பு வரும், அதனால் அதற்கும் நான் வருந்தவில்லை. அப்புறம்தான் மனசுக்குள் நடப்பதைச் சொல்கிற சொற்கள் போயின. கடைசியில் என்னிடம் பேச அவளுக்கு மிச்சம் இருந்தது மூன்றுதான். 'சாப்டேன்.' 'தெரியல.' 'அப்றம்.'

வெளிநாட்டுக்காரர் அட்டையைப் புதுப்பிக்க ஓர் ஆபீசுக்குப் போக வேண்டும். சேகருக்கு ஷிப்ட், கலாவுக்கு வேலை. பவிதான் கூட்டிப்போவாள். சின்ன வயதில் அந்த அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் இவள் எனக்குப் பத்து வார்த்தையாகச் சொல்லுவாள். அவர் சட்டையில் குழம்புக் கறை இருப்பதுகூடச் சேர்த்து வரும். போன தடவை அவரும் இவளும் ரொம்ப நேரம் பேசினார்கள். அவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார், இவள் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

"இன்னாடி சொல்றாரு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல ஆயா. இங்க கை வெய்."

கைநாட்டு வைத்தேன். மை துடைக்கக் காகிதம் கொடுத்தாள். நல்ல பிள்ளைதான். அவ்வளவு நேரப் பேச்சில் எனக்கென்று ஒன்றும் இல்லாமல் போனதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வருகிற மார்ச்சில் அவள் வேறு ஊர் பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டலில் சேரப் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள், போகட்டும். நான் எனக்குள் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மூன்றாம் பாகம் வந்துவிட்டால் போதும். மறுபடி என் தொடைமேல் தலை வைத்துப் படுப்பாள். கோபாலு வெளியே வருவதற்குள் அவள் பேச்சும் திரும்ப வந்துவிடும்.

5

வந்துவிட்டது என்று அவளேதான் சொன்னாள். அறையிலிருந்து ஓடிவந்து, "ஆயா, சனிக்கிழமை" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நானும் வரேன்."

"நீயா? எதுக்கு?"

"கோபாலு வரான் இல்ல. நான் போவாம எப்டி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கலா உள்ளேயிருந்து, "கூட்டிக்கினு போடி, உன்னவிட அவங்கதான் ஆலாப் பறக்கறாங்க" என்று சத்தம் போட்டாள்.

குன்றத்தூர் மலைக் கோயிலுக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ் போட்டுச் செருப்பு. தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரினேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி மனசு குதித்தது. எழுத்துத் தெரியாதவளுக்குப் புத்தகக் கடையில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். ரேகை தெரியாதவர்கள் ஜோசியக்காரரிடம் கை நீட்டுவதில்லையா?

கடை வாசலில் வரிசை. ஸ்ரீபெரும்புதூரில் புதுப்படம் வந்தால் நிற்குமே, அப்படி. எல்லாம் பவி வயசுப் பிள்ளைகள். நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவள் தோழிகள் நாலு பேர் வந்தார்கள். என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள், மரியாதையான பிள்ளைகள். ஒருத்தி என் புடவையைக் காட்டி ஏதோ சொன்னாள். நல்லதாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் பவியின் காது சிவந்துபோனது.

"ஆயா, நீ அங்க உக்காரு. கால் வலிக்கும்."

எனக்குக் கால் வலிக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பெஞ்சு. போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கொரியாக் கிழவர் இருந்தார். வரிசையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"கோபாலு வரான்" என்றேன்.

அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார். அவரும் ஏதோ சொன்னார். நானும் தலையாட்டினேன். இப்படியே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு என்னோடு அதிகம் பேசியது அவர்தான்.

பவி கடையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தோழிகளை மறந்துவிட்டாள், காது சிவந்ததை மறந்துவிட்டாள், நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தாள். அந்த ஓட்டம் பத்து வயசு ஓட்டம். மூச்சு வாங்கப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். முகர்ந்து பார்த்தேன். புதுப் புடவையைப் பிரித்தால் வருகிற வாசனை. அட்டையில் மலை, கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது, வெளியே ஒரு ஜோடி செருப்பு.

"செருப்பு பாருடி" என்றேன்.

"ஆமா ஆயா" என்றாள். இரண்டு பேரும் அந்தச் செருப்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தோம். கடையில் கொடுத்த ஸ்டிக்கரை என் போன் உறையில் ஒட்டிவிட்டாள். இப்போதும் இருக்கிறது.

பஸ்ஸில் ஏறினதும் பிரித்துவிட்டாள். கண் வேகவேகமாக ஓடியது. வாய் அசையவில்லை.

"சொல்லுடி."

"வீட்ல ஆயா."

6

வீட்டில் அறைக்கதவை மூடிக்கொண்டாள். நான் வெளியே பூண்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கலா வந்து, "வுடுங்க அத்த, ஆர்வம். முழுசா படிச்சிட்டு அப்றம் சொல்லுவா" என்றாள்.

மறுநாள் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடைமேல் படுக்கவில்லை, அவ்வளவு வளர்ந்த பிள்ளை எங்கே படுக்கும். புத்தகத்தைப் பிரித்தாள்.

"கோபாலு உள்ள போனான். உள்ள... இருட்டு. அங்க ஒரு... அது... கல்லு. கல்லு இல்ல. கல்லு மாதிரி... அது பேசும். பேசல. அது..."

நிறுத்தினாள். ஒரு கொரியன் சொல்லைச் சொன்னாள். மறுபடி அதையே மெதுவாகச் சொன்னாள், மெதுவாகச் சொன்னால் எனக்குப் புரியும் என்பது போல.

"பரவால்லடி, தெரிஞ்ச மாதிரி சொல்லு. கல்லுன்னே வச்சிக்கலாம்."

"கல்லு இல்ல ஆயா." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கல்லுன்னா எல்லாம் தப்பா போய்டும். உனக்கு ஏன் கொரியன் தெரியல? இவ்ளோ வருஷம் இங்கதான இருக்க?"

எனக்குத் தெரிந்த கொரியன் கொஞ்சம்தான். காய்கறி பேர் தெரியும், பஸ் நம்பர் தெரியும், நன்றி சொல்லத் தெரியும். மலைக்குள் இருப்பதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். கோபத்தில் போகவில்லை. முடியாமல் போனாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

சேகர் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு வழி சொன்னான். போன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டினால் அதுவே தமிழில் படிக்குமாம். பவி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கலா காட்டினாள். ஒரு பொம்பளைக் குரல், ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்கிற குரல், "மலை தனது கதவை விண்ணப்பித்தது. சகோதரர் இருட்டை உட்கொண்டார்" என்றது. கலா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, "அணைச்சிடுடி, இவகிட்ட கதை கேக்க என்னால ஆவாது" என்றேன்.

அன்றைக்குத்தான் திதி. பறவைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து படுத்தேன். இத்தனை வருஷம் 'மூணாம் பாகம் வரட்டும்' என்று ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அது வந்துவிட்டது. இனி எதைப் பிடித்துக்கொண்டு மார்ச் வரைக்கும் இருப்பது என்று தெரியவில்லை.

7

மறுநாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். குளியலறையில் சொம்பால் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் எல்லாரும் ஷவரில் குளிப்பவர்கள். பக்கெட்டும் சொம்பும் என் ஒருத்திக்குத்தான். ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. தலையில் விழுந்து தரையில் சிதறுகிற சத்தம்.

கதவு திறந்தது. பவித்ரா நின்றாள். ராத்திரி போட்டுப் படுத்த உடுப்பைக் கழற்றவில்லை. அதோடேயே ஊற்றிக்கொண்டிருக்கிறாள். முடி முகத்தில் ஒட்டி, கைமுனையிலிருந்து தண்ணீர் சொட்டி, உதடு நடுங்கிக்கொண்டு நின்றாள்.

கலா வந்து பார்த்து, திட்ட வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"ஆயா" என்றாள் பவி. "கோபாலு."

 எப்படிடி என்று கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குச் சொல் வராது, வராததற்கு மறுபடி அழுவாள். வேறொன்று கேட்டேன்.

"செருப்பு?"

"அங்கியே கீது ஆயா."

அவன் மலைக்குள் எதைப் பார்த்தான், தண்ணீரை எடுத்தானா, அம்மாவுக்குப் பார்வை வந்ததா, ஒன்றும் எனக்கு இன்றுவரை தெரியாது. அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். பக்கெட்டில் அவள் எனக்கென்று பாதித் தண்ணீர் மிச்சம் வைத்திருந்தாள். கட்டின புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது கலா ஒரு துண்டை நீட்டினாள். என் தலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் பிள்ளையின் தலையைத் துவட்டப் போனேன். கை எட்டவில்லை. இவள் எப்போது இவ்வளவு உயரமானாள் என்று எனக்குத் தெரியாது. துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் குனிந்து கொடுத்தாள்.